இரண்டு கேமராக்களும் அக்காவின் கூந்தலும்

அவர் கையில் எப்போதும் இரண்டு இருக்கும். நான் அவரை முதன்முதலில் பார்த்தது மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து டெய்ரியில். மூலைக்கடையை இங்கே ஆக்லாந்தில் அப்படித்தான் சொல்வார்கள். குளிர்பெட்டியின் கதவை முழங்கையால் திறந்து பிடித்துக்கொண்டு, இரண்டு பால் பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. வெளியே காரில் அவர் மனைவி ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தே தமிழ் என்று கண்டுகொண்டவர், "ஏம்மா, இதுல எதை எடுக்கலாம்?" என்று கேட்டார். இடது கையில் இருந்ததைக் காட்டினேன். அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு இரண்டையும் பெட்டிக்குள் திரும்ப வைத்தார்.

"அவசரப்படக் கூடாதுங்க. முடிவு பண்ணிட்டா, அப்புறம் முடிவு பண்ண முடியாதில்ல?" என்றார்.

அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. அது ஒரு பிப்ரவரி மாத வெள்ளிக்கிழமை. எனக்கு நாளும் கிழமையும் மறப்பதில்லை. எடுத்த படம் எதையும் பின்புறம் தேதி எழுதாமல் வைத்ததில்லை. ஆக்லாந்தில் நம்மவர்களின் விழா, வளைகாப்பு, வழியனுப்பு எல்லாவற்றையும் இப்படிக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். இந்த மனிதரின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. பெயர் எழுதினால் அவருக்கு மரியாதை செய்ததுபோல் ஆகிவிடும். வாழ்க்கை வரலாற்றுப் புத்தகங்கள் நிறையப் படிப்பவள் நான். கடைசிப் பக்கங்களில் எதிரிகளை மன்னிக்கிற அத்தியாயம் ஒன்று வருமே, அதை மட்டும் புரட்டித் தள்ளிவிடுவேன்.

ஊருக்கெல்லாம் அவர்தான் ஆலோசகர். கோயம்புத்தூர்க்காரர், இங்கே ஒரு டெலிபோன் கம்பெனியில் பெரிய எஞ்சினியர். கார் வாங்க வேண்டுமா, மார்ட்கேஜை எந்த பேங்கில் வைப்பது, பிள்ளையை எந்தப் பள்ளியில் போடுவது, எதுவானாலும் அவரைக் கேட்பார்கள். பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். இரண்டை எடுத்து முன்னால் வைப்பார். ஒன்றின் நல்லதைச் சொல்லி, அது மனதில் பதிவதற்குள் மற்றதன் நல்லதைச் சொல்வார். வீட்டைச் சூடாக்க ஹீட் பம்ப் வாங்க யோசனை கேட்ட ஒரு குடும்பம் இரண்டு குளிர்காலத்தைக் கம்பளிக்குள் கழித்தது. மூன்றாவது குளிர்காலத்தில் அவரிடம் சொல்லாமல் போய் ஒன்றை வாங்கி மாட்டினார்கள். அதன் பிறகு அவர் அந்த வீட்டுக்குப் போகவில்லை. "அவங்க அவசரக்காரங்க" என்றார்.

ஆனால் அவருடைய உயிர் கேமராவில் இருந்தது. அதுவும் மீடியம் ஃபார்மட் என்கிற பெரிய ஜாதி. சாதாரணக் கேமராவைவிட உள்ளே இருக்கும் சென்சார் பெரிது. படம் ஒன்றுக்குப் பத்துக் கோடிப் புள்ளிகள். ஓர் ஆளை எடுத்துச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் புருவத்து முடியை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். விலை, ஒரு நல்ல காரின் விலை. அவர் பார்வையில் தேறியவை இரண்டு. ஒன்று ஸ்வீடன், மற்றது ஜப்பான். ஸ்வீடன் கேமரா கிளென்ஃபீல்டில் இருந்த ஒரு மலேசியத் தமிழ்ப் பல் டாக்டரிடம் இருந்தது. இரவல் வாங்குவார். ஜப்பான் கேமராவை நகரத்துக் கடையில் சனி ஞாயிறுக்கு வாடகைக்கு எடுப்பார். இரண்டையும் முக்காலிகளில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, வீட்டுக்கு எதிரே இருந்த சர்ச்சின் செங்கல் சுவரை எடுப்பார். வாராவாரம் அதே சுவர்.

"ஸ்வீடன் தோலோட நிறத்தைச் சொல்லும். ஆனா எழுந்திரிக்க நேரமாகும். ஜப்பான் கண்ணை டக்குனு பிடிச்சுக்கும். ஆனா நிறத்துல ஒரு வேகம் இருக்கு, நிதானம் இல்லை" என்பார்.

"ரெண்டையும் கட்டிக்கிட்டு அந்தச் சர்ச்சுலயே குடியிருங்க. எனக்குக் கராஜாவது காலியாகும்" என்பார் மனைவி. அந்த அம்மாளுக்கு நல்ல வாய். எனக்கு அவரை எப்போதும் பிடிக்கும். பின்னால் எனக்கு ஒரு பெரிய உதவியும் செய்தார், அவருக்கே தெரியாமல்.

படம் பார்ப்பதிலும் அந்த மனிதருக்கு ஒரு முறை உண்டு. முழுப் படத்தை ஒருநாளும் பார்க்க மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய், முதலில் இடது மேல் மூலை, பிறகு வலது மேல் மூலை, பிறகு கீழே. நடுவில் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குக் கடைசிச் செய்தி. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் புகைப்படப் போட்டிக்கு அவர்தான் நடுவர். நான் அனுப்பிய தேர்த்திருவிழாப் படத்தில் தேர்ச்சக்கரத்துக்குப் பக்கத்தில் நகராட்சியின் குப்பைத்தொட்டி ஒன்று இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் அழித்திருந்தேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். மேடையில் மைக்கைப் பிடித்து, "ஒரு புள்ளியை அழிச்சாலும் அது பொய்யிங்க. பொய்ப் படத்துக்குப் பரிசு கிடையாது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சங்கத்தின் அரங்கில் திருத்தம் செய்த படம் எதையும் மாட்டக் கூடாது என்று கமிட்டியில் தீர்மானமும் போட வைத்தார். அந்தத் தீர்மானம் இன்றும் இருக்கிறது. இருக்க வேண்டும் என்பதில் என்னைவிட அக்கறையுள்ளவர் யாரும் இல்லை.

குப்பைத்தொட்டிக்காக யாரும் பகை வளர்ப்பதில்லை. நானும் வளர்க்கவில்லை. பகை என் அக்காவால் வந்தது.

அக்காவின் கூந்தல் முழங்காலைத் தொடும். தொடும் என்றால் உண்மையிலேயே தொடும். கிளென்ஃபீல்ட் மாலில் எஸ்கலேட்டரில் போகும்போது பின்னலை முன்னால் எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வாள். அவளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது இங்கே கோடை முடிகிற மார்ச் தொடக்கத்தில். ஈஸ்டர் கழித்து கீமோ தொடங்கும், தொடங்கிய இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும் என்று நர்ஸ் சொன்னாள். வீட்டுக்கு வந்து டீ போட்டுக் குடித்துவிட்டு அக்கா சொன்னாள்: "என்னை ஒரு படம் எடுத்து ஹால்ல பெருசா மாட்டணும்டீ. முடியோட. போன்ல எடுக்கிறது வேண்டாம், ஆள் உயரத்துக்கு வேணும்."

"எதுக்குக்கா அவ்வளவு பெருசு?"

"திரும்பி வரும்போது எங்க வரணும்னு தெரியணுமில்ல."

நான் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு ஸ்டூடியோவில் சனிக்கிழமைக்குப் பதிவு செய்தேன். அந்த வியாழக்கிழமை ஒடாஹுஹுவில் வேலையில் இருக்கும்போது அக்காவிடமிருந்து போன் வந்தது. ஸ்டூடியோவை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அவர் வீட்டுக்கு வந்திருந்தாராம். "அவங்க கேமரால உன் முடி ஒரு கறுப்புத் துணி மாதிரி விழும் கண்ணு. இழை தெரியாது. நான் எடுத்துத் தர்றேன், இழை இழையா. எந்தக் கேமராங்கறது மட்டும்தான் பாக்கி" என்றாராம். அக்காவுக்கு அவர்மேல் மதிப்பு. ஆள் உயரத்துக்குப் பெரிதாக்க அந்த ஜாதிக் கேமராதான் சரி என்று நானும் படித்திருந்தேன்.

அப்படித் தொடங்கியது சோதனை. முதல் ஞாயிறு அக்காவைக் கராஜ் வாசலில் முதுகு காட்டி உட்கார வைத்தார். கூந்தலை அவிழ்த்துவிடச் சொன்னார். செங்கல்லைவிட முடிதான் சரியான சோதனை என்று கண்டுபிடித்த மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. பிடரி, இடது தோள், காதோரத்துச் சுருள். ஸ்வீடனில் ஒன்று, ஜப்பானில் ஒன்று. அடுத்த ஞாயிறு நிறங்களைச் சரிபார்க்கும் கட்டம்போட்ட அட்டையைக் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அட்டை படத்தில் விழுந்தது, அக்காவின் விரல்கள் விழுந்தன. முகம் விழவில்லை.

"முகத்தையும் ஒண்ணு எடுத்துருங்களேன் சார். வந்ததுக்கு" என்றேன்.

"இது சோதனைம்மா. சோதனைல முகத்தை எடுத்தா அதுவே போதும்னு தோணிடும். அப்புறம் நல்லதை எடுக்க மாட்டோம்."

ஒருநாள் அவருடைய கம்ப்யூட்டரில் அக்காவின் பிடரி இரண்டு கட்டங்களில் பக்கத்தில் பக்கத்தில் நின்றது. பல் டாக்டரும் வந்திருந்தார். அக்கா, "எது சார் ஸ்வீடன்?" என்று கேட்டாள். அவர் இடதுபக்கத்தைக் காட்டி நிழல்களின் ஆழத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். பல் டாக்டர் கோப்பின் பெயரை அழுத்திப் பார்த்தார். இடதுபக்கம் ஜப்பான்.

"ஐயோ, உங்களுக்கே தெரியலயேலா! ஏதோ ஒண்ணுல எடுத்து விடுங்கலா. இந்தப் பொண்ணு பாவம், கழுத்து வலிக்குது" என்றார் டாக்டர்.

எந்த மனிதரும் அங்கே சிரித்திருப்பார், அல்லது வெட்கப்பட்டிருப்பார். அவர், "இதனாலதான் இன்னொரு சோதனை வேணுங்கறேன்" என்றார்.

அதன் பிறகு வெளிச்சம். வெயில் கடுமையாக இருக்கிறது, மேகம் வரட்டும் என்றார். ஆக்லாந்தில் மேகத்துக்குக் காத்திருந்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். மேகம் வந்தது, மழையையும் கூட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை என்று முடிவானது. அக்கா வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, சாம்பிராணி போட்டு, இரவெல்லாம் முடியை விரித்துப் படுத்தாள். கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவை இஸ்திரி போட்டு நாற்காலியில் கிடந்தது. காலையில் அவர் போன் செய்தார். ஜப்பான்காரன் புது மாடல் விடப்போகிறானாம். வாடகைக் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "இப்ப எடுத்தா வந்தவுடனே பழசாயிடும் கண்ணு. அவசரப்படாத." போனில் ஒலிபெருக்கியைப் போட்டிருந்தாள், நானும் கேட்டேன். சட்டென்று என் சின்னக் கேமராவை எடுத்தேன். அக்கா அதற்குள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, "இன்னைக்கு வேண்டாம். மனசு சரியில்லை" என்று உள்ளே போய்விட்டாள்.

கீமோ தொடங்கியது. நர்ஸ் சொன்னபடியே நடந்தது. ஒரு புதன்கிழமை தலையணையைப் பார்த்துவிட்டு அக்கா என்னிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தாள்.

அவர் வந்தது அதற்கு அடுத்த ஞாயிறு. இரண்டு தோளிலும் இரண்டு பைகள். புது மாடல் பற்றிய செய்தி பொய்யாம். அதனால் பழைய இரண்டையுமே கொண்டுவந்திருந்தார். அக்கா தலையில் துணி கட்டிச் சோபாவில் சாய்ந்திருந்தாள். அவர் வாசலிலேயே நின்றார். பைகளை இறக்கவில்லை. அப்போது அவர் சொன்ன வார்த்தைகளை நான் ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்.

"அடடா! டாக்டர்கிட்டச் சொல்லி ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கலாமில்ல?"

அக்கா சிரித்தாள். அவள் அப்படித்தான். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அவர் கெட்டவர் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அக்கா படுத்திருந்த மாதங்களில் பார்க்க வந்தாரே என்பார்கள். வந்தார். இரண்டு வகை சூப் கொண்டுவந்தார். நாக்கில் ருசியே இல்லாமல் கிடந்தவளிடம், எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார். சோதனைப் படங்களைக் கேட்டபோது தாராளமாகக் கொடுத்தார். செங்கல் சுவர்ப் படங்களுக்கு நடுவே அக்காவின் முடி, கறுப்புக் கம்பிகள்போல் இழை இழையாக, அவர் சொன்னபடியே. அதைத் திரையில் பார்த்துவிட்டு அக்கா, "அழகா இருக்கு. யாருது?" என்றாள்.

அவள் பிழைத்தாள். முடியும் வந்தது. நரையும் சுருளுமாக, வேறு யாருடையதோ போல. ஹாலில் அந்தச் சுவர் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

நான் காத்திருந்தேன். காத்திருப்பதை அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

பல் டாக்டர் ஈப்போவுக்கே திரும்பிப் போகும்போது ஸ்வீடன் கேமராவை விற்க நினைத்தார். நான் ஒரு காபி குடிக்கும் நேரத்தில் முடிவு செய்தேன். வருஷக்கணக்கில் சேர்த்ததெல்லாம் அதில் போனது. அந்தக் கேமராவை இரவல் வாங்க முடியாமல் போனதில் அவருக்கு வருத்தம். என்னிடம் வந்து கேட்கவும் செய்தார். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன்.

அதற்கு அடுத்த ஆண்டு அவர் சங்கத்தின் தலைவரானார். அரங்கில் முன்னாள் தலைவர்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. அவர் வந்ததும் தலைவர் படம் இனி ஆள் உயரத்தில், மீடியம் ஃபார்மட்டில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று விதி செய்தார். தன்னைத் தானே எடுத்துக்கொள்ள முடியாது. அவர் இன்னும் கேமரா வாங்கவும் இல்லை. ஊரில் அந்த ஜாதிக் கேமரா வைத்திருந்த தமிழர் நான் ஒருத்திதான்.

என்னைக் கேட்டபோது உடனே சம்மதித்தேன். நாள் குறிப்பதை மட்டும் என்னிடம் விடச் சொன்னேன்.

அவருடைய முடி நல்ல கறுப்பு. அது எப்படிக் கறுப்பாகிறது என்று எனக்குத் தெரியும். சங்கத்துச் சமையலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவர் மனைவி ஒருமுறை சொல்லியிருந்தார்: "மாசத்துல மொத வெள்ளி நான்தான் தலைக்கு டை போட்டு விடணும். கம்பெனி மாத்தலாமா, வேற கலர் பார்க்கலாமான்னு அதுலயும் ஆராய்ச்சி. தலையை ஆட்டிட்டே இருப்பாரா, காதெல்லாம் கறை. சனி ஞாயிறு முழுக்க நிக்கும். திங்கக்கிழமை ஆபீஸ் போறதுக்குள்ள போயிடும்." வேறு யாருக்கும் அது வெறும் பேச்சு. எனக்குக் கிழமை மறப்பதில்லை.

அந்த மாதம் முதல் வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை வரச் சொல்லி அனுப்பினேன். கோட்டும் டையுமாக வந்தார். வந்தவுடன் என் விளக்குகளைச் சோதித்தார், திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டாரா என்றால் இல்லை. நடுவில் இருப்பது அவருக்கு எப்போதும் கடைசிச் செய்தி. நான் முகத்தை மட்டும் எடுப்பதென்று முடிவு செய்தேன், லேசாக இடதுபக்கம் திரும்பச் சொன்னேன். வலது காது கேமராவுக்கு நேராக வந்தது. ஒரே ஒருமுறை அழுத்தினேன்.

"அவ்வளவுதானா? சோதனைக்கு ஒண்ணு எடுக்கலையா?" என்றார்.

"தேவையில்லை சார். நல்லா வந்திருக்கு."

நல்லாத்தான் வந்திருந்தது. நான் எடுத்ததிலேயே சிறந்த முகப்படம் அது. சங்கத்தின் செயலாளர் யாழ்ப்பாணத்துக்காரி, சுறுசுறுப்பானவர், அதை மாட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தார். பிறகு கிட்டப் போனார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காதில என்ன, மையோ?"

"ஆமாம்."

"திருத்தேல்லையோ?"

"திருத்தக் கூடாதுன்னு தீர்மானம் இருக்கே அக்கா."

"ஓம், இருக்குத்தான்" என்றார். உதட்டைக் கடித்துக்கொண்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

திறப்பு விழா அன்று அவர் படத்துக்கு முன்னால் போய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இடது மேல் மூலை. வலது மேல் மூலை. கீழே இரண்டும். குற்றம் இல்லை. மெதுவாக நடுவுக்கு வந்தார். காதின் மடலில் ஒரு பூவரசம் மொட்டு அளவுக்குக் கறுப்பு, அதிலிருந்து கன்னம் நோக்கி ஒரு கோடு, நெற்றியோரத்தில் தோலோடு சேர்ந்த சாயத்தின் விளிம்பு, அதற்குள் நட்டுவைத்ததுபோல், சாயம் எட்டாத ஒவ்வொரு முடியின் வெள்ளை வேர். ஸ்வீடன் தோலின் நிறத்தைச் சொல்லும் என்று சொன்னவர் அவர்தான். கூட்டம் பின்னால் நின்றுகொண்டிருந்தது. யாரோ ஒரு குழந்தை ஆங்கிலத்தில் அங்கிளின் காதில் என்ன என்று கேட்டது.

அவர் என் பக்கம் குனிந்து, "காதுகிட்ட மட்டும் கொஞ்சம்..." என்றார்.

"ஒரு புள்ளியை அழிச்சாலும் பொய்யிங்க சார்."

அவர் மனைவி சமையலறைப் பக்கம் ஓடினார். அழுதாரா சிரித்தாரா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. தோள் குலுங்கியது.

இரண்டு வாரம் கழித்து அவர் போன் செய்தார். வேறொன்று எடுத்து மாற்றிவிடலாமா என்றார். தாராளமாக என்றேன். ஆனால் வெயில் கடுமையாக இருக்கிறது, மேகம் வரட்டும் என்றேன். குளிர்காலத்தில் போன் செய்தார். வெளிச்சம் போதாது என்றேன். ஸ்வீடன்காரன் புது லென்ஸ் விடப்போகிறான் என்று கேள்வி, இப்போது எடுத்தால் வந்தவுடனே பழசாகிவிடும் என்றேன். அவருக்கு அப்போது புரிந்திருக்கும். புரிந்த பிறகும் அவர் போன் செய்வதை நிறுத்தவில்லை. வேறு வழி இல்லை. வேறு ஒருவரைப் பிடித்து எடுக்கலாம்தான். ஆனால் அதற்கு எந்தக் கேமரா என்று அவர் முடிவு செய்ய வேண்டுமே.

போன ஞாயிறும் கூப்பிட்டார். நான் ஒலிபெருக்கியைப் போட்டேன். எதிரே அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, தோள்வரை வந்திருந்த நரைச்சுருளைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்பம்மா எடுக்கலாம்?" என்றார். குரலில் முன்பிருந்த நிதானம் இல்லை.

"அவசரப்படாதீங்க சார்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அக்கா சீப்பை நிறுத்தினாள். "போதும்டீ, பாவம். இன்னும் எவ்வளவு நாள்?"

"உன் முடி முழங்காலுக்கு வரட்டும்."

"இந்த வயசுல அது எங்க வரப்போகுது?"

"வராட்டிப் போகட்டும்" என்றேன்.

அக்கா சீப்பில் சிக்கியிருந்த இரண்டு நரை இழைகளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு சீப்பை என்னிடம் நீட்டிவிட்டு, பின்னல் போடுவதற்குத் திரும்பி உட்கார்ந்தாள்.